டூர் டி பிரான்ஸ் முதல் 9 ஸ்டேஜ்: எந்த டீமுக்கு நல்ல வாரம்?

சுங்கை ஆரா அம்மா
திங்கள், 8 ஜூலை 2024, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துக்கு இன்றைக்கு ஓய்வு நாள்; ஸ்டேஜ் என்றால் அதில் ஒரு நாள் ஓட்டம். ஒன்பது ராத்திரியும் பதினொன்றரை வரை விழித்திருந்த பழக்கம், இன்றைக்கும் தூக்கம் வரப்போவதில்லை. அதனால் மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே போட்டுவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு (கியூசி) பிரிவில் இருக்கிறேன். வீட்டில் சைக்கிள் பந்தயம் பார்ப்பது நானும் என் மகனும்தான். அவனுக்கு 14 வயது. தினசரி நாட்காட்டியில் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் அன்றைய ஸ்டேஜை எழுதி வைப்பான்: யார் ஜெயித்தார், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி யாரிடம், எந்த டீம். நேற்று துருவா ஸ்டேஜ் முடிந்ததும் ஒன்பது தாளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினான். "அம்மா, முதல் வாரம் யுஏஇ டீமோடது. பேச்சே இல்லை" என்றான்.

அவன் சொல்வதில் தப்பு இல்லை. நான்காம் நாள் கலிபியே மலை இறங்கி வலுவாரில் அந்த டீமின் பொகாச்சர் தனியாக வந்து சேர்ந்தார், மஞ்சளும் அவரிடம் போனது. இப்போது எவனெபுல் 33 விநாடி பின்னால், விங்கெகோர் 1 நிமிடம் 15 விநாடி, ரோக்லிச் 1 நிமிடம் 36. ஐந்தாவது ஆயுசோ, ஆறாவது அல்மெய்டா, இரண்டு பேரும் பொகாச்சரின் டீம். முதல் ஆறு பேரில் மூன்று பேர் ஒரே டீம் என்றால் வேறு என்ன சொல்ல முடியும்?

ஆனாலும் எனக்கு இந்த வாரம் இன்டர்மார்ஷே டீமோடது என்றுதான் படுகிறது. மூன்றாம் ஸ்டேஜில், டூரினில், பினியாம் கிர்மாய் ஜெயித்த ராத்திரி நான் எழுந்து நின்றுவிட்டேன். எரித்திரியாவின் அஸ்மாராவில் பிறந்த பையன். இந்தப் பந்தயத்தில் ஒரு ஸ்டேஜ் ஜெயித்த முதல் ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர் அவர். இன்டர்மார்ஷே டீமுக்கும் டூரில் அதுதான் முதல் வெற்றி. அப்புறம் எட்டாம் ஸ்டேஜில், கொலோம்பேயில், ஸ்டேஜ் புள்ளிகளில் முன்னணியில் இருப்பவருக்கான பச்சை ஜெர்சி போட்டுக்கொண்டு இன்னொன்று. மே மாதம் இத்தாலிப் பந்தயத்தில் நான்காம் நாளே விழுந்து வெளியேறியவர் அவர். 2022-ல் அதே இத்தாலியில் ஸ்டேஜ் ஜெயித்து மேடையில் பாட்டிலைத் திறந்தபோது கார்க் கண்ணில் தெறித்து ஆஸ்பத்திரிக்குப் போனவரும் இவர்தான். இதையெல்லாம் நாட்காட்டித் தாளில் எப்படி எழுதுவது?

மகன் கேட்கிறான்: "அம்மா, நீங்க டீமைப் பார்க்கறீங்களா, ஆளைப் பார்க்கறீங்களா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதுதான் உங்களிடம் கேட்கிறேன். ஒரு வாரம் முடிந்ததும் ஒரு டீம் நன்றாகச் செய்ததா இல்லையா என்று நீங்கள் எதை வைத்துச் சொல்வீர்கள்? இன்னொன்று, விங்கெகோர் டீமான விஸ்மாவுக்கு இது கெட்ட வாரமா? ஒரு ஸ்டேஜ்கூட இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் தோற்ற ஆள் மாதிரித் தெரியவில்லை.


பிரிக்பீல்ட்ஸ் பட்டறை
திங்கள், 8 ஜூலை 2024, இரவு 10.25

அக்கா, வணக்கம். நான் கேஎல்லில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் என் தொழில் பக்கம் வருகிறது.

விஸ்மாவுக்கு இது கெட்ட வாரம் இல்லை. நான் அடித்துச் சொல்வேன். விங்கெகோர் ஏப்ரல் 4-ம் தேதி பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் விழுந்தார். காறை எலும்பு, விலா எலும்பு, நுரையீரலில் காற்றுக் கசிவு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. போதாததற்கு மலையில் முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுத்து அவரை இழுத்துச் செல்ல வேண்டிய செப் குஸ், கோவிட் வந்து பந்தயத்துக்கே வரவில்லை. அந்த நிலையில் 1.15 பின்னால் மூன்றாம் இடம் என்பது அந்த டீம் கையெடுத்துக் கும்பிட வேண்டிய கணக்கு.

நேற்றைய ஸ்டேஜைப் பாருங்கள். துருவாவைச் சுற்றி 199 கிலோமீட்டர், அதில் 14 துண்டாக 32 கிலோமீட்டர் வெள்ளைச் சரளைப் பாதை. விங்கெகோருக்குப் பஞ்சர் ஆனது. டீம் கார் வர நேரமாகும் என்று கூட வந்த யான் திராத்னிக்கின் சைக்கிளை வாங்கி ஏறிக்கொண்டார். கடைசிவரை அதில்தான் ஓட்டினார். பார்ப்பவர்களுக்கு அது சின்ன விஷயம். என் கடைக்கு வருகிறவர்கள் சீட் உயரம் அரை சென்டிமீட்டர் மாறினால்கூட மறுநாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஹேண்டில் எட்டும் தூரம், பிரேக் லீவர் கோணம், பெடலில் ஷூ கடிக்கும் இடம், எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அடுத்தவன் சைக்கிளில், சரளையில், பொகாச்சர் மறுபடி மறுபடி பாயும்போது பின் சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு வருவது லேசான வேலையே இல்லை. அவர் முன்னால் வந்து இழுக்கவில்லை என்று நிறையப் பேர் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் நேற்று செய்ய வேண்டியது ஒன்றுதான், நேரம் இழக்கக் கூடாது. இழக்கவில்லை.

சைக்கிளைக் கொடுத்த திராத்னிக் சாலையோரம் நின்றார் பாருங்கள், ஒரு டீமின் வாரம் எப்படிப் போனது என்று கேட்டால் நான் அந்தக் காட்சியைக் காட்டுவேன்.

யுஏஇ விஷயத்தில் உங்கள் பையன் சொல்வதுதான் சரி. ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. கலிபியே ஏற்றத்தில் அல்மெய்டா திரும்பிப் பார்த்து, ஆயுசோவை முன்னால் வந்து இழு என்று கையை ஆட்டினாரே, கவனித்தீர்களா? ஆயுசோ பின்னாலேயே தங்கிவிட்டார். கடைசியில் வேலை முடிந்தது, பொகாச்சர் ஜெயித்தார், எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஐந்தாம் இடத்தில் இருப்பவர் தன் இடத்தையும் மனதில் வைத்திருந்தால் மூன்றாம் வாரம் என்ன ஆகும்? எனக்கு அது கவலையாகத்தான் இருக்கிறது.


ஹுலு லங்காட் ஏறி
செவ்வாய், 9 ஜூலை 2024, காலை 7.10

பட்டறை அண்ணன் சொன்னது மஞ்சள் ஜெர்சிக்கான நாலைந்து டீமுக்குப் பொருந்தும். 22 டீம், டீமுக்கு 8 பேர், மொத்தம் 176 பேர் புளோரன்ஸில் கிளம்பினார்கள். மீதி டீமெல்லாம் எதற்கு வந்திருக்கின்றன? நான் கணக்காளர், அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன்.

ஒரு ஸ்டேஜ் ஜெயித்தால் பரிசு 11,000 யூரோ. நம் காசுக்குச் சுமார் 55 ஆயிரம் ரிங்கிட். அதையும் டீம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். மஞ்சள் ஜெர்சி ஒரு நாளைக்கு 500 யூரோ. பெரிய டீமின் செலவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. உண்மையான காசு டீம் தரவரிசைப் புள்ளியில் இருக்கிறது. டூரில் ஒரு ஸ்டேஜ் ஜெயித்தால் 210 புள்ளி, போன வருடம்தான் ஏற்றினார்கள். 2023, 2024, 2025 மூன்று வருடப் புள்ளியையும் கூட்டி, மேலே இருக்கும் 18 டீமுக்குத்தான் முதல் தர உரிமம். கீழே போனால் பெரிய பந்தயங்களுக்கு அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். ஸ்பான்சர் விலகினால் டீமே கலைந்துபோகும். கிர்மாய்க்கு அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. அவர் முதலில் இருந்த டெல்கோ டீம் 2021-ல் காசில்லாமல் தள்ளாடியபோதுதான் இன்டர்மார்ஷேக்கு வந்தார், அந்த வருடமே டெல்கோ மூடிப்போனது.

அந்தக் கண்ணோடு பாருங்கள் அக்கா. ஆர்கேயா டீம் 2014-லிருந்து டூருக்கு வருகிறது. ஒரு ஸ்டேஜ்கூட ஜெயித்ததில்லை. இந்த வருடம் இரண்டாம் நாளே பொலோன்யாவில் கெவின் வோக்லான் ஜெயித்தார். பத்து வருடக் கணக்கு ஒரு மத்தியானத்தில் தீர்ந்தது. நேற்று முன்தினம் துருவாவில் ஜெயித்த துர்ஜிஸ் டீமுக்கும் அப்படித்தான், 2017-க்கு அப்புறம் இதுதான் முதல் டூர் ஸ்டேஜ். அந்த டீமில் மலை ஏறி மஞ்சளுக்குப் போட்டியிடும் ஆள் கிடையாது. பந்தயம் பாரிஸுக்குப் போகாமல் நீஸில் முடியும் இந்த வருடம், கடைசிவரை அவர்கள் வேறு எதுவும் ஜெயிக்காமல் போனாலும் அவர்களுக்கு இது நல்ல டூர்தான்.

முதல் ஸ்டேஜ் டிஎஸ்எம் டீமை விட்டுவிடாதீர்கள். ரிமினியில் பார்டேயும் வான் டென் புரூக்கும் வெறும் 5 விநாடி முன்னால் வந்து சேர்ந்தார்கள். வான் டென் புரூக்குக்கு அதுதான் முதல் டூர், அதில் முதல் நாள். முன்னாலேயே பிரிந்து போய்ப் பகல் முழுக்க ஓட்டியிருந்தவர், பார்டே பின்னாலிருந்து வந்து சேர்ந்ததும் கால்களில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் அவருக்காகச் செலவழித்தார். பார்டே 33 வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக மஞ்சள் போட்டார். எனக்கு இந்த வாரத்தில் ஒரே ஒரு டீமைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். ஒரே நாள்தான். அதனால் என்ன?

ஞாயிறு காலை பத்துப் பேர் சேர்ந்து பத்து லப்பான் பெலாஸ் என்ற ஊர் வரை ஓட்டுகிறோம். அதில் எதிர்க்காற்றில் எவன் முன்னால் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். தொலைக்காட்சியிலும் என் கண் அங்கேதான் போகிறது.


செந்தூல் மாமா
செவ்வாய், 9 ஜூலை 2024, மதியம் 1.45



யாருமே கெட்ட வாரம் பற்றிப் பேசவில்லையே அம்மா. நான் சொல்கிறேன். லிட்ல்-டிரெக். மாட்ஸ் பெடர்சனை நம்பி வந்தார்கள். ஐந்தாம் ஸ்டேஜ் ஸ்ப்ரிண்டில், அதாவது முடிவுக் கோட்டுக்கான கடைசி நேர வேக ஓட்டத்தில், விழுந்தார், இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார், எட்டாம் நாள் கிளம்பவில்லை. ரோக்லிச் டீமில் விளாசோவ் சரளைப் பாதை நாளில் விழுந்து கணுக்கால் போயிற்று, இன்றைக்கு அவர் இல்லை. பைரனீஸ் மலையில் ரோக்லிச்சுக்கு அவர் வேண்டியிருந்தது.

அல்பெசின் டீமும்தான். போன வருடம் ஃபிலிப்சன் நான்கு ஸ்டேஜும் பச்சை ஜெர்சியும் எடுத்தார். இந்த வருடம் ஐந்தாம் ஸ்டேஜ் இரண்டாவது. ஆறாம் ஸ்டேஜிலும் இரண்டாவதாக வந்தார், வான் ஆர்ட்டின் வழியை அடைத்தார் என்று கடைசிக்குத் தள்ளினார்கள். எட்டாம் ஸ்டேஜில் கிர்மாய்க்குப் பின்னால் மறுபடி இரண்டாவது. ஸ்ப்ரிண்டருக்கு இரண்டாவது என்பது வயிற்றில் கல் மாதிரி.

யூனோ-எக்ஸ் டீமின் ஆப்ரஹாம்சனைப் பார்க்காதவர்கள் பாருங்கள். நார்வேக்காரர். மலை ஏற்றங்களில் முன்னணியில் இருப்பவர் போடும் பொட்டுப் போட்ட ஜெர்சியோடு எட்டாம் ஸ்டேஜில் மழையில் தனி ஆளாக எவ்வளவு தூரம் ஓட்டினார். ஜெயிக்க மாட்டோம் என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் அந்த ஓட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது.


சுங்கை ஆரா அம்மா
புதன், 10 ஜூலை 2024, அதிகாலை 12.20

எல்லாருக்கும் நன்றி. பதில்களை மகனுக்குப் படித்துக் காட்டினேன். பத்தாம் ஸ்டேஜும் இப்போதுதான் முடிந்தது. மாமா, உங்கள் ஃபிலிப்சன் வயிற்றுக் கல் கரைந்துவிட்டது, இன்றைக்கு அவர்தான் முதல். கிர்மாய் இரண்டாவது.

ஹுலு லங்காட் தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. என் மகன் கேட்ட கேள்விக்கான பதில் என்னிடம் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லங்காவி சைக்கிள் பந்தயம் எங்கள் பக்கமாகப் போன ஒரு வருடம் என்னைத் தன் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பெரிய ரோட்டுக்குக் கூட்டிப்போனார். பால் வாளி கட்டிக் கட்டி வளைந்துபோன கேரியர், உட்கார்ந்தால் தொடையில் கம்பி அழுத்தும். சைக்கிள் கூட்டம் வந்தது. ஒரு காற்று அடித்த மாதிரி, அவ்வளவுதான், போய்விட்டார்கள். எல்லாரும் கலைந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். அப்பா கிளம்பவில்லை. "இரு, இன்னும் வருவாங்க" என்றார். ரொம்ப நேரம் கழித்து மூன்று பேர் வந்தார்கள், ஒரே சட்டை. நடுவில் இருந்தவன் முழங்காலிலிருந்து ரத்தம் காலுறை வரை இறங்கியிருந்தது. முன்னால் ஒருவன், பக்கத்தில் ஒருவன். பக்கத்தில் வந்தவன் அடிபட்டவனின் முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தான். தள்ளவில்லை, சும்மா வைத்திருந்தான். அப்பா அவர்களுக்கு மட்டும் கை தட்டினார்.

இந்த டூரின் முதல் ஸ்டேஜில் அதையே மறுபடி பார்த்தேன். அன்றைக்கு இத்தாலியில் கடும் வெயில். ஸ்ப்ரிண்டர் கேவன்டிஷ் ஒரு மலை ஏற்றத்தில் சைக்கிளில் இருந்தபடியே வாந்தி எடுத்தார். கூட்டம் போய்விட்டது. அவருடைய அஸ்தானா டீம் ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, தலையில் தண்ணீர் ஊற்றி, நேர வரம்புக்குள் (தாண்டினால் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்) கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களிலேயே கட்சோலி என்ற பையன் வெயில் தாங்காமல் அன்றைக்கே பந்தயத்தை விட்டு வெளியேறினான். முதல் நாளே எட்டு ஏழானது. அன்றைய தாளில் என் மகன் எழுதியது: "பார்டே. டிஎஸ்எம். மஞ்சள் பார்டே." அஸ்தானா என்ற பெயரே அதில் இல்லை.

நான்கு நாள் கழித்து சென் வுல்பாவில் 39 வயதில் கேவன்டிஷ் ஜெயித்தார். டூரில் அவருக்கு 35-வது ஸ்டேஜ் வெற்றி. 1975-லிருந்து மெர்க்ஸ் வைத்திருந்த 34 என்ற எண்ணைத் தாண்டினார். போன வருடம் ஓய்வு பெறப் போகிறேன் என்று சொல்லியிருந்தும், காறை எலும்பு உடைந்து வெளியேறியவர், இந்த ஒன்றுக்காகவே இன்னொரு வருடம் வந்தார். அவருக்காகவே அஸ்தானா தன் டூர் ஆட்களைப் பொறுக்கியது, ஸ்ப்ரிண்டில் அவருக்கு முன்னால் ஓட்டி இழுத்துவிடும் பழைய லீட்-அவுட் ஆள் மோர்கோவையும் கூட்டிவந்தது. மஞ்சளுக்கு ஆள் இல்லாமல் வந்த டீம் என்று பேசினார்கள். புள்ளிப் பட்டியலில் கீழே கிடக்கும் டீம், இப்படி ஒரு கிழவனை நம்பிப் பந்தயம் கட்டுகிறதே என்றும் பேசினார்கள். அந்த ஐந்தாம் தாளில் மட்டும் என் மகன் பேனாவால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறான்.

ஆனால் ஐந்தாம் தாள் முதல் தாளில் எழுதப்பட்டது. அதைத்தான் இன்றைக்கு அவனிடம் சொன்னேன். கிர்மாய்மேல் இருக்கும் பாசம் குறையவில்லை, பச்சை ஜெர்சி கடைசிவரை அவரிடம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மஞ்சள் கணக்கில் யுஏஇதான், ஒத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் முதல் வாரம் அஸ்தானாவுடையது.

அவன் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு ஸ்டேஜ்தானே அம்மா" என்கிறான். ஆனால் இன்றைய தாளில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறான், எட்டில் எத்தனை பேர் என்று. அஸ்தானா 7, லிட்ல்-டிரெக் 7, ரோக்லிச் டீம் 7 என்று எழுதியாயிற்று. பட்டறை தம்பி, திராத்னிக் சைக்கிளைக் கொடுத்துவிட்டு எவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்கிறான். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், ஒன்பதாம் தாளில் இடம் விட்டு வைத்திருக்கிறான்.